நஞ்சு விற்பாரும் நஞ்சு உண்பாரும்

விழா மலர்களில் மகிழ்ச்சிக்குரியனவற்றை எழுதுதலே நம்மவர் வழக்கம். கல்லூரியை நிறுவிய பெரியோரின் தியாகமும், அதிபர்களின் ஆற்றலும், ஆடுகளத்திற் பெற்ற வெற்றிகளும், பல்கலைக்கழகம் புகுந்தோரின் பெருமையும் இம்மலரின் ஏனைய பக்கங்களை அணிசெய்யும். அவை எழுதப்பட வேண்டியனவே. எனினும், விழாக் கொண்டாடும் இல்லத்தார் விருந்தினர் வருமுன் வளவை ஒருமுறை சுற்றிவந்து, வேலியில் எங்கேனும் பொட்டு விழுந்துள்ளதோ என்று பார்த்தலும் முறையன்றோ? நம் குடாநாட்டின் வேலியிற் பெரியதொரு பொட்டு விழுந்திருக்கின்றது. அதன் வழியே கஞ்சாவும், ஹெரோயினும், ஐஸ் எனப்படும் புதிய நஞ்சும் உள்ளே வருகின்றன. நம் பிள்ளைகள் வெளியே போகின்றனர்.

இந்நஞ்சுகளின் தீமை மேடைதோறும் பேசப்படுகின்றது. அதனை இங்கு மீண்டும் விரித்தல் எமது நோக்கமன்று. போதைப்பொருளை வைத்திருந்தார் என்றோ விற்றார் என்றோ ஒருவர்மீது வழக்குத் தொடரப்படும்போது நடப்பது யாது, நடக்க வேண்டியது யாது, அதில் நமக்குள்ள கடமை யாது என்னும் மூன்றையுமே ஆராய விழைகின்றோம். எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். விற்பவனைத் தப்பவிடாது பிடித்து, குற்றத்தை ஐயத்துக்கிடமின்றி நிறுவி, காலந் தாழாது தண்டித்தல் வேண்டும். உண்டு கெட்டவனை மருத்துவ வழியால் மீட்டல் வேண்டும். இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்து ஒரே கூண்டில் ஏற்றும்வரை நம் வழக்குகள் பெருகுமேயன்றி நம் துன்பம் குறையாது.

நம் நிலத்தின் அமைப்பை முதலில் நோக்குவோம். பருத்தித்துறைக்கும் எதிர்க்கரையிலுள்ள கோடிக்கரைக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 65 கிலோமீற்றரே. இக்கடல் நம் முன்னோர்க்கு வேலியாய் இருந்ததில்லை, தெருவாகவே இருந்தது. புடைவையும் ஓடும் புத்தகமும் அவ்வழியே வந்தன. 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இலங்கையும் இந்தியாவும் கடலெல்லையை வகுத்துக்கொண்டன. எனினும், நீரின்மேல் இட்ட கோடு படகைத் தடுப்பதில்லை. இன்று வடமராட்சிக் கரையிலும், மாதகற் பக்கத்திலும், தீவகத்திலும், மன்னாரிலும் மூடைமூடையாகக் கைப்பற்றப்படும் கஞ்சாவை நாம் கேரளக் கஞ்சா என்று அழைக்கின்றோம். பெயர் கேரளத்தினதாயினும், அதிற் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா மலைப்பகுதிகளில் விளைந்து தமிழகக் கரைவழியே வருவது. ஹெரோயினும் ஐஸும் அதனினும் நெடுந்தொலைவிலிருந்து கடல்வழியாக இத்தீவை அடைகின்றன. இவ்வணிகத்தின் முதலாளி நம் கரையில் நிற்பதில்லை. கரையில் நிற்பவன் படகோட்டியும் சுமைகாரனும் சந்தியிற் பொட்டலம் மாற்றும் இளைஞனுமே. பிடிபடுவோரும் பெரும்பாலும் அவரே.

முன்னாளிலே நம்மூர்ப் பெரியோர் கள்ளையும் சாராயத்தையும் எதிர்த்துப் போராடினர். மதுவிலக்கு இயக்கம் யாழ்ப்பாணத்திற் சைவரையும் கிறித்தவரையும் ஒரே மேடையில் இருத்தியது. பிரித்தானியர் காலத்திலே உள்ளூர் வாக்கெடுப்பின் மூலம் தவறணைகளை மூடுவிக்கும் முறை வந்தபோது நம் மக்கள் அதனை நன்கு பயன்படுத்தினர். அப்போராட்டத்துக்கு ஒரு வசதி இருந்தது. தவறணை எங்குள்ளது என்பதை ஊரே அறியும். அதனைக் குத்தகைக்கு எடுத்தவன் யாரென்பதையும் ஊரே அறியும். இன்றைய நஞ்சோ நகக்கண் அளவான பொட்டலத்தில் அடங்குகின்றது. கைப்பேசியில் விலை பேசப்படுகின்றது. பாடசாலை மதிலோரத்தே கைமாறுகின்றது. வாக்கெடுப்பால் இதனை மூடுவிக்க இயலாது. ஆதலால் சட்டத்தின் கையை நாடுகின்றோம். அக்கை எத்தகையது என்பதை அறிந்திருத்தல் நமக்கு இன்றியமையாதது.

இலங்கையில் இத்துறைக்குரிய அடிப்படைச் சட்டம், 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமாகும். ஒரு காலத்தில் இத்தீவில் அபினுக்கு அரசே உரிமம் வழங்கிக் கடை வைப்பித்தது என்பதை நினைவுகூர்வோர்க்கு, அரசு அதனின்று விலகிக் கடிவாளமிடத் தொடங்கிய மாற்றத்தின் முடிவு இக்கட்டளைச் சட்டம் என்பது விளங்கும். இதற்கு இன்றைய கடுமையை அளித்தது 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்தினாலும், இறக்குமதி செய்தாலும், உடைமையில் வைத்திருந்தாலும் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்று அது விதித்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமினையும் இவ்வரிசையிற் சேர்த்தது. அதற்குரிய எல்லை 5 கிராம். அதே திருத்தத்தின்படி, மரணதண்டனைக்கோ ஆயுட்சிறைக்கோ உரிய வழக்கில், தூய நஞ்சின் அளவு 10 கிராமோ அதற்கு மேலோ ஆயின், மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே, பிணை வழங்கலாம்.

இங்கே இரு செய்திகளை நம் வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒன்று, உடைமைக்கும் கடத்தலுக்கும் மேற்கூறிய எல்லையில் ஒரே தண்டனை விதிக்கப்பட்டிருத்தல். இவன் விற்க வைத்திருந்தானா, தான் உண்ண வைத்திருந்தானா என்ற வினாவுக்குச் சட்டம் நிறையைக் கொண்டே விடை காண்கின்றது. மற்றொன்று, கடத்தல் என்னும் சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள். விற்றல் மட்டுமன்று, கொடுத்தல், பெற்றுத் தருதல், சேமித்து வைத்தல், ஏற்றிச் செல்லல், அனுப்புதல், விநியோகித்தல் யாவும் அதனுள் அடங்கும். அவ்வாறு செய்வதாக முன்வருதலும் அடங்கும். காசு கைமாற வேண்டியதில்லை. தன் தோழன் கேட்டான் என்று ஒரு பொட்டலத்தை வாங்கிக் கொடுத்த மாணவன், தான் நட்புக்குச் செய்த உதவி என்று நினைக்கின்றான்; சட்டத்தின் கண்ணில் அவன் கடத்தற்காரன். நம் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர் வேறெதனை மறந்தாலும் இதனை மறத்தலாகாது.

இனி, ஒரு வழக்கு நடக்கும் நெறியைக் காண்போம். பொலிசார் ஒருவரைச் சோதித்துப் பொருளைக் கைப்பற்றுகின்றனர். அதனை நிறுத்து, பொதிசெய்து, முத்திரையிட்டுப் பதிவேட்டிற் பதிகின்றனர். சந்தேகநபர் நீதவான் முன் நிறுத்தப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்படுகின்றார். பொதி, பத்தரமுல்லையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குச் செல்கின்றது. பொட்டலத்தில் உள்ளது முழுவதும் ஹெரோயின் அன்று. கலப்புப் பொருள் பெரும்பகுதியாய் இருத்தலும் உண்டு. தூய நஞ்சு எத்துணை என்பதைப் பகுப்பாய்வாளர் அறிக்கையே கூறும். அவ்வறிக்கை கிடைத்த பின்னரே வழக்கின் உண்மையான கனம் புலனாகும். பாரிய குற்றமாயின் ஏடுகள் சட்டமா அதிபரிடம் சென்று, மேல் நீதிமன்றத்திற் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்படும். இவ்வளவும் நடந்து தீர்ப்பு வருவதற்குள் ஆண்டுகள் பல கழிவது நாட்டின் எப்பகுதியிலும் காணும் நிலை. யாழ்ப்பாணத்திலிருந்து பகுப்பாய்வுக்காகப் பொதி செல்ல வேண்டிய தூரமோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர்.

அப்பொதி செல்லும் வழியே வழக்கின் உயிர்நாடி. பெரேரா எதிர் சட்டமா அதிபர் என்னும் வழக்கிலே, 1998ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்பு இதனைத் தெளிவுறுத்தியது. கைப்பற்றிய இடத்திலிருந்து பகுப்பாய்வாளர் கையை அடையும்வரை அப்பொருள் தக்க காவலில் இருந்தது, இடையிலே எவரும் அதனை மாற்றவோ கலக்கவோ வாய்ப்பில்லை என்பதை வழக்குத் தொடுநரே நிறுவுதல் வேண்டும். முத்திரையில் ஐயம், நிறையில் வேறுபாடு, பதிவேட்டில் இடைவெளி ஆகியவற்றுள் ஒன்று நேரினும் வழக்குத் தளரும். பலர் வாழும் வீட்டிற் கண்டெடுத்த பொருளாயின், அது இன்னாருடைய அறிவோடும் ஆட்சியோடும் இருந்தது என்றும் நிறுவ வேண்டும். பொலிசாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் செல்லாது என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் தொட்டு வரும் விதி.

இவற்றைக் கேட்ட சிலர், "குற்றவாளி தப்புவதற்கென்றே சட்டம் ஆயிரம் வாயில் வைத்துள்ளது" என்று சலிப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. உயிரைப் பறிக்கவோ ஆயுள் முழுதும் அடைத்துவைக்கவோ இடந்தரும் ஒரு சட்டம், அதற்கேற்ற சான்றைக் கேட்பது நீதியே. மேலும், பொலிஸ் உத்தியோகத்தரின் சாட்சியம் நம்பத்தக்கதாயின், அது பொலிசாருடையது என்னும் காரணத்தாலேயே அதற்கு வேறொரு சான்றின் துணை வேண்டியதில்லை என்று உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, ஒரேயொரு பொலிஸ் சாட்சியின் சொல்லால் ஒருவன் ஆயுட்சிறை புகுதல் இந்நாட்டில் இயலும். அத்தகைய நாட்டில் பொதியின் வழியையும் முத்திரையையும் பற்றிய விதிகள் குற்றவாளிக்கு வாயில் அல்ல, குற்றமற்றவனுக்குக் காவல். நல்ல புலனாய்வாளருக்கு அவ்விதிகள் தடையும் அல்ல. அவற்றை ஒழுங்காகக் கைக்கொள்பவருடைய வழக்கு எளிதிற் சாய்வதில்லை.

தூக்குமரத்தை மீண்டும் நாட்டினால் எல்லாம் சீராகும் என்போர் நம்மிடையே பலர் உளர். அவருடைய சினம் நியாயமானது. மகனை இழந்த தாய்க்கு வேறென்ன தோன்றும்? ஆயினும் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். இந்நாட்டில் இறுதியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் மாதத்தில். 1984 முதல் ஹெரோயினுக்கு மரணதண்டனை ஏட்டில் உண்டு. அதன்படி எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை. 2019இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணைகளிற் கையொப்பமிட்டார். அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இத்தாலிய அறிஞர் பெக்கரியா 1764இல் வெளியிட்ட தண்டனை நூலில், தண்டனையின் கொடுமையினும் அதன் தப்பாமையே குற்றத்தைத் தடுக்கும் என்று வாதித்தார். நம் அனுபவமும் அதுவே. பத்தில் ஒன்றே பிடிபடும், பிடிபட்டதும் பத்தாண்டு இழுபடும் என்று வணிகன் கணக்கிடும் இடத்தில், ஏட்டிலுள்ள தூக்குக்கயிறு அவனை அச்சுறுத்தாது. ஓராண்டுக்குள் விசாரணை முடியும், சிறை உறுதி, தேடிய பொருள் பறிபோகும் என்னும் நிலையே அவன் கையை நடுங்கச் செய்யும்.

பெருந்தொகையினரை ஒருங்கே வளைத்துப் பிடித்தலும் இத்தகையதே. 2023 டிசம்பர் 17ஆம் திகதி 'யுக்திய' என்னும் பெயரில் நாடெங்கும் தேடுதல் தொடங்கிற்று. சில வாரங்களிற் பல்லாயிரவர் கைதாயினர். நாள்தோறும் தொகைகள் அறிவிக்கப்பட்டன. 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அந்நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கேட்டனர். நாம் கேட்பது வேறொன்று. அத்தொகையில் வணிகர் எத்துணையர்? அடிமைப்பட்டார் எத்துணையர்? நெத்தலி வலையை வீசிவிட்டுச் சுறா அகப்படவில்லை என்று வருந்துதல் அறிவுடைமையாகாது என்பதை நம் கரையோர மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வலையின் கண் எதற்கென்று பின்னப்பட்டதோ அதுவே அகப்படும். எண்ணிக்கைக்காகப் பிடித்தால் எளிதிற் பிடிபடுவோனே அகப்படுவான். அவனோ பெரும்பாலும் நோயாளி. அவனால் நிறையும் சிறையில், பெருவணிகனுக்கு வைக்க வேண்டிய காவலும் கவனமும் குன்றுகின்றன. நீதிமன்றமும் பகுப்பாய்வுக் கூடமும் சிறு பொட்டலங்களால் அடைபடுகின்றன. கையில் உண்மையான வழக்கு இருக்கையில் அதனைத் தாமதிக்கச் செய்வதும் இதுவே.

திருவள்ளுவர் பொருட்பாலில் அதிகாரங்களை அமைத்த முறை இங்குச் சிந்திக்கத்தக்கது. செங்கோன்மையை 55ஆம் அதிகாரமாகவும், கொடுங்கோன்மையை 56ஆம் அதிகாரமாகவும் வைத்தபின், வெருவந்த செய்யாமை என்று மற்றோர் அதிகாரத்தை 57ஆவதாக வைத்தார். குடிகள் அஞ்சி நடுங்கும் செயலைச் செய்யாமை ஆட்சியின் தனியோர் அறம் என்பது அதனாற் பெறப்படும். ஓங்கும்போது கடுமையும் விழும்போது அளவும் வேண்டும் என்பதே அவ்வதிகாரத்தின் உட்கிடை. அதே புலவர்தாம் 93ஆம் அதிகாரத்தில் கள்ளுண்ணாமையைப் பாடினார். போதையை வெறுத்தலும் தண்டனையில் அளவறிதலும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அயல்நாடுகள் எவ்வாறு செய்தன என்று கேட்கலாம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் 2001இல் திருத்தப்பட்டபின் சிற்றளவு, வணிக அளவு என்று பகுத்துத் தண்டிக்கின்றது. ஹெரோயினில் 5 கிராம் வரை சிற்றளவு. 250 கிராமும் மேலும் வணிக அளவு. கஞ்சாவில் 1 கிலோவும் 20 கிலோவும் அவ்வெல்லைகள். வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. சிற்றளவோடு பிடிபட்ட அடிமை தானே முன்வந்து மருத்துவம் பெறின் வழக்கினின்றும் விடுபட வழியுண்டு. அங்குள்ள அளவுகளை அவ்வாறே இங்கு எடுத்துவைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. இலங்கையிற் கணக்கிடப்படுவது தூய அளவு என்பதையும் மறக்கவில்லை. பகுத்துக் காணும் முறையே நாம் கொள்ளத்தக்கது. போர்த்துக்கல் நாடு 2001 ஜூலை முதல், பத்து நாட் பாவனைக்கு மேற்படாத அளவை வைத்திருத்தலைக் குற்றவியல் வழக்காக்காது, சட்டம், உளநலம், சமூகப்பணி முதலிய துறையறிந்தோர் அடங்கிய குழுவின் முன் அனுப்புகின்றது. விற்றல் அங்கும் சிறைக்குரிய குற்றமே. அந்நாடு போதைக்கு அடிமையாகி அழிந்துவிடவில்லை என்பதை உலகம் கண்டது.

நம் நாட்டிலும் இதற்கு வித்து இடப்பட்டுள்ளது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமைப்பட்டார் தாமாக முன்வந்தும், நீதிமன்றக் கட்டளையாலும் சிகிச்சை பெறுதற்கு இடமளிக்கின்றது. குறை, சிகிச்சையின் தன்மையிலே உள்ளது. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு நிலையத்தில், 2022 ஜூனில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். நோயாளர் ஓடித் தப்பும் இடத்தை வைத்தியசாலை என்று அழைத்தல் தகுமா? வடபுலத்துத் தாய் தன் மகனை அத்துணைத் தொலைவுக்கு, அவன் மொழி வழங்காத சூழலுக்கு அனுப்ப அஞ்சி அவனை மறைத்து வைக்கின்றாள். மறைக்கப்பட்ட நோய் வளர்கின்றது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவர்கள் ஆற்றும் பணி பெரிது. அப்பணிக்கு விடுதியும், தாதியரும், தொழிற்பயிற்சியும் துணையாக அமைய வேண்டும். காவற்காரர் பொறுப்பிலன்றி மருத்துவர் பொறுப்பில், தமிழில் நடைபெற வேண்டும்.

ஆகவே அரசினரிடம் நாம் கேட்பன நான்கு. முதலாவது, தன் பாவனைக்காக வைத்திருத்தலையும் விற்பனைக்காக வைத்திருத்தலையும் சட்டம் வேறு வேறு குற்றங்களாகப் பிரித்தல். இரண்டாவது, வடமாகாணத்தில் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் முழு அதிகாரமுள்ள கிளையொன்றை நிலையாக அமைத்தல். மூன்றாவது, பொட்டலத்தைத் தேடுவதோடு நில்லாது பணத்தைத் தேடுதல். 2006ஆம் ஆண்டின் பணந்தூயதாக்கல் தடைச் சட்டமும், குற்றத்தால் ஈட்டிய சொத்துப் பற்றிய 2025ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கென்றே உள்ளன. நான்காவது, மேற்கூறிய சிகிச்சை நிலையம்.

இதற்கொரு தடை எழுப்பப்படும். பாவனையாளனுக்கு இரங்கினால், விற்பவனும் தன்னைப் பாவனையாளன் என்றே சொல்லித் தப்பானோ என்பர். கேட்கத்தக்க கேள்வியே. விற்பவன் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, இளைஞர் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்புவதும் உண்மையே. ஆயின், விற்பனைக்கு அடையாளம் நிறை மட்டுமன்று. தராசு, வெற்றுப் பைகள், கணக்குக் குறிப்பு, கைப்பேசித் தொடர்புகள், காரணங் காட்டவியலாத பணம், மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் நிற்றல் ஆகிய யாவும் சான்றுகளே. இவற்றைத் தேடிச் சேர்ப்பது பொட்டலத்தை நிறுப்பதினும் கடினம். அக்கடினமான பணியைச் செய்யுமாறு பொலிசாரைத் தூண்டுவதே நாம் கூறும் பிரிவின் பயன். கைகளை ஆயிரமாய்ப் பிடித்தும் தலையைக் காணாத நிலை அப்போது மாறும்.

2009இல் போர் ஓய்ந்தபின், இத்துணைப் படைமுகாம்களும் காவலும் நிறைந்த நிலத்தில் இந்நஞ்சு எவ்வாறு புகுகின்றது என்னும் வினா மக்களிடையே எழுந்தது. அது இன்னும் ஓயவில்லை. ஐயத்தைத் திண்ணையிலே பேசிக் கலைதலால் எவர்க்கும் பயனில்லை. திறந்த மன்றில், சான்றுகளோடு, பதவி நோக்காது நடத்தப்படும் விசாரணையே அவ்வையத்தைத் தீர்க்கும் அல்லது உறுதிசெய்யும். அத்தகைய விசாரணைக்குச் சாட்சிகள் வேண்டும்.

இங்கேதான் நம் கடமை தொடங்குகின்றது. எவன் விற்கின்றான் என்பது ஊரில் அநேகமாகப் பலருக்குத் தெரியும். சொல்வாரில்லை. சொன்னால் வீட்டின்மீது கல் விழும், வாள்வெட்டு நேரும், பொலிஸ் நிலையத்திற் சொன்ன பெயர் மாலைக்குள் விற்பவனிடம் போய்விடும் என்ற அச்சம் உண்டு. அச்சம் வீணானதென்று நாம் கூறோம். 2015ஆம் ஆண்டிலும், அதற்கு ஈடாக 2023ஆம் ஆண்டிலும் சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. தனியொருவன் அச்சட்டத்தைத் தேடிச் செல்லமாட்டான். ஒரு சங்கம் அவனுக்காகச் செல்லலாம். நம் பழைய மாணவருட் சட்டத்தரணிகள் எத்துணையர்! அவருட் சிலர் கூடி, சாட்சி சொல்ல முன்வருவோர்க்கு அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுக்கொடுப்பின், அது இவ்விழாவின் நினைவாகக் கட்டும் எந்த மண்டபத்தினும் நெடிது நிற்கும்.

இன்னொன்றையும் மறையாது கூறவேண்டும். பிடிபட்ட பிள்ளை வசதியுள்ள வீட்டுப் பிள்ளையாயின் தொலைபேசிகள் ஒலிக்கின்றன. தெரிந்தவர், தெரிந்தவரின் தெரிந்தவர் என்று தேடிச் சிபாரிசு நடக்கின்றது. அப்பிள்ளை சிகிச்சைக்குச் செல்கின்றான். சில வேளை கடல்கடந்தும் செல்கின்றான். அதே நாளில், அதே அளவோடு பிடிபட்ட கூலித் தொழிலாளியின் மகன் விளக்கமறியலுக்குச் சென்று, அங்கே முதிர்ந்த வணிகனோடு ஒரே அறையில் இருந்து, அத்தொழிலைக் கற்று வெளிவருகின்றான். சட்டம் எழுத்தில் எல்லோர்க்கும் ஒன்றே. சிபாரிசு அதனை இரண்டாக்குகின்றது. பாவனையாளனுக்குச் சிகிச்சை என்னும் நெறியை நாம் நம் பிள்ளைக்கு ஏற்கனவே ஒப்புக்கொண்டுவிட்டோம். பிறன் பிள்ளைக்கு மட்டுமே மறுக்கின்றோம். அதே இரக்கத்தைச் சட்டமாக்கி எல்லோர்க்கும் அளிக்கக் கேட்பதே நேர்மை. வழக்காட வசதியற்றோர்க்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அதன் வாயிலை அறியாத பெற்றோருக்கு வழிகாட்டுதல் நம்மவர்க்குப் பெருஞ்செயலன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒரு மாணவன் பையிற் பொட்டலம் கண்டவுடன் விடுகைப்பத்திரத்தை எழுதிக் கொடுத்தல் கல்லூரியின் பெயரைக் காக்கும் என்று தோன்றலாம். வாயிலுக்கு வெளியே அவனுக்காகக் காத்திருப்பவன் விற்பவனே. கல்லூரி கைவிட்ட அன்றே அவன் கைக்கொள்வான். விற்றவனைச் சட்டத்திடம் ஒப்படைப்பதில் தயக்கம் வேண்டா. கல்லூரியின் பெயர் அதனாற் கெடாது. உண்டவனைப் பெற்றோரோடும் மருத்துவரோடும் கலந்து வகுப்பறையிலேயே வைத்திருக்க முயல்வோம். மாணவரே, உங்களுக்கும் கூறுகின்றோம். தோழனைக் காட்டிக்கொடுத்தல் இழிவு என்று எண்ணி வாளாவிராதீர்கள். அவன் நோயை ஆசிரியரிடம் சொல்லுதல் காட்டிக்கொடுத்தல் அன்று. அவனுக்கு நஞ்சைக் கொடுத்தவன் பெயரைச் சொல்லுதலும் அன்று.

பழைய மாணவர் சங்கங்கள் கொழும்பிலும், இலண்டனிலும், தொறொன்ரோவிலும், சிட்னியிலும் கிளைத்துள்ளன. ஆண்டுதோறும் பெரும்பொருள் திரட்டிக் கல்லூரிக்கு அனுப்புகின்றன. அப்பொருளில் ஒரு பங்கு சிகிச்சை நிலையத்துக்கும், மீண்டுவந்தோரின் தொழிலுக்கும், வறியவர் வழக்குக்கும் செல்லுமாயின் நம் முன்னோர் மகிழ்வர். சைவப் பிள்ளைகள் தம் சமயத்தையும் தமிழையும் இழந்துவிடுவரோ என்று அஞ்சிய தலைமுறையினர் பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் எழுப்பினர். பிள்ளைகளையே இழந்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டிய காலத்தில் நாம் வாழ்கின்றோம். விற்பவன்மீது தளராத சட்டமும், உண்டவன்மீது தவறாத கருணையும், இரண்டுக்கும் துணிந்து துணைநிற்கும் ஊரும் அமைய, எல்லாம்வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.